போர்ஷே 944 டர்போ: எந்தச் சிப், எந்த பூஸ்டுக்கு?

944 டர்போ கைக்கு வந்து, டைமிங் பெல்ட், ஆயில், குளிரூட்டும் குழாய்கள் எல்லாம் மாற்றி முடித்ததும் அடுத்து எழும் கேள்வி, எஞ்சினை ஆளும் கணினிப் பெட்டிக்குள் இருக்கும் சிப்தான். ஒரு விற்பனையாளர் இரண்டு சிப்பைத் தபாலில் அனுப்புகிறேன், அரை மணி நேர வேலை என்கிறார். இன்னொருவர் ஏர் ஃப்ளோ மீட்டரைக் கழற்றிவிட்டு மாஸ் ஃப்ளோ சென்சர் போடச் சொல்கிறார். மூன்றாமவர், அந்தக் காலத்துப் பெட்டியே வேண்டாம், புது ஈசியு (கணினிப் பெட்டி) போடுங்கள் என்கிறார். மூன்றும் ஏதோ ஒரு வண்டிக்குச் சரியான பதில்தான். உங்கள் வண்டிக்கு எது சரி என்று பார்க்கத்தான் இந்த ஒப்பீடு.

எடுத்துக்கொள்வது 1986 மாடல் முதல் வந்த 2.5 லிட்டர், 8 வால்வு, நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சின். 220 குதிரைத்திறன் கொடுத்த வண்டிகளில் கே26/6 டர்போ, பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் கூடுதலாக ஏற்றும் காற்றழுத்தம்) 0.75 பார். 1988-இல் வந்த டர்போ எஸ், அதன்பின் 1989 மாடல் முதல் எல்லா டர்போக்களும் 250 குதிரைத்திறன், அவற்றில் கே26/8. டர்போ இல்லாத சாதா 944-க்குச் சிப் வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்கலாம். அதில் கிடைக்கும் கூடுதல் சக்தி அவ்வளவு சொற்பம்.

## முதலில், அந்தச் சிப் என்ன செய்கிறது?

இந்த வண்டியில் இரண்டு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சிப். இதைத் தெரிந்துகொள்ளாமல் விலைப்பட்டியலைப் பார்ப்பதில் பயனில்லை.

பாஷின் டி.எம்.இ. பெட்டி பெட்ரோலையும் ஸ்பார்க் நேரத்தையும் தீர்மானிக்கிறது. காற்று உள்ளே போகும் வழியில் இருக்கும் ஏர் ஃப்ளோ மீட்டரின் கதவு எவ்வளவு திறக்கிறது, எஞ்சின் எத்தனை சுற்று ஓடுகிறது, காற்று எவ்வளவு சூடு என்பவற்றைப் பார்த்துக் கணக்குப் போடும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் வேறொரு அட்டவணைக்குப் போகும். அந்த அட்டவணை சுழற்சி வேகத்தை மட்டுமே பார்க்கும்.

கே.எல்.ஆர். பெட்டி நாக்கிங்கை, அதாவது சிலிண்டருக்குள் கலவை அடக்கமின்றி வெடித்துத் தட்டுவதை, கவனிக்கிறது. எஞ்சின் பிளாக்கில் உள்ள ஒரே ஒரு நாக் சென்சர் அதன் காது. சத்தம் கேட்டால் அந்தச் சிலிண்டரின் ஸ்பார்க்கை சுமார் 3 பாகை பின்தள்ளும். மறுபடி கேட்டால் இன்னும் 3 பாகை. அதற்கும் அடங்காவிட்டால் பூஸ்டைக் குறைக்கும். சைக்கிளிங் வால்வு வழியாக வேஸ்ட்கேட்டை (புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பி பூஸ்டைக் கட்டுப்படுத்தும் கதவை) ஆட்டுவிப்பதும் இதே பெட்டிதான். பூஸ்டை அளக்கும் அழுத்த சென்சரும் இதற்குள்ளேயே இருக்கிறது. மானிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் இங்கே வரை வரும்.

சிக்கல் இங்கேதான். ஏர் ஃப்ளோ மீட்டரின் கதவுக்கு ஓர் எல்லை உண்டு. பூஸ்டை 1 பார் அளவுக்கு ஏற்றி உயர் சுழற்சிக்குப் போனால் கதவு கடைசிவரை திறந்து முட்டி நிற்கும். அதற்குமேல் எவ்வளவு காற்று வந்தாலும் டி.எம்.இ.-க்குத் தெரியாது. அழுத்தம் கே.எல்.ஆர்.-க்குத் தெரியும், ஆனால் பெட்ரோல் கணக்குக்கு அது அந்தத் தகவலைக் கொடுப்பதில்லை. ஆகவே அந்தப் பகுதியில் எவ்வளவு பெட்ரோல் விழ வேண்டும் என்பது, சிப்பை எழுதியவர் ஒவ்வொரு சுழற்சி வேகத்துக்கும் முன்கூட்டியே எழுதி வைத்த எண் மட்டுமே. அவர் வைத்திருந்த எஞ்சினுக்கு, அவர் ஊர் பெட்ரோலுக்கு, அவர் வைத்த பூஸ்டுக்கு அந்த எண் சரி. அடுத்தவர் கண்ணுக்குச் செய்த மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொள்வது போலத்தான்: பவர் ஒத்துப்போனால் நன்றாகத் தெரியும்.

ஆகவே "எந்தச் சிப்பில் குதிரைத்திறன் அதிகம்?" என்பதைவிட, "என் வண்டி யாருடைய வண்டிக்கு மிக நெருக்கமாக இருக்கிறது?" என்று கேட்பதே பலன் தரும்.

## எதை வைத்து அளப்பது

பெட்ரோல். அமெரிக்கச் சிப்கள் 91 அல்லது 93 ஆக்டேன் என்று குறிப்பிட்டு வருகின்றன. அது ஏ.கே.ஐ. அளவு. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் பம்பில் எழுதியிருப்பது ரான் என்ற வேறோர் ஆக்டேன் அளவு. 93 ஏ.கே.ஐ. ஏறக்குறைய 98 ரானுக்குச் சமம், 91 ஏ.கே.ஐ. என்பது 95, 96 ரான் பக்கம். ஜெர்மனியில் சூப்பர் பிளஸ் போடுபவருக்கு 93-க்கு எழுதிய சிப் பொருந்தும். 91-க்கு மேல் பம்பில் கிடைக்காத கலிஃபோர்னியாவில் அதே சிப் ஆபத்து. எப்போதாவது சாதா 95 ரான் போட வேண்டிவரும் என்றால் அந்தப் பெட்ரோலுக்கு எழுதிய சிப்பையே வாங்க வேண்டும்.

பூஸ்ட் யார் கையில். கே.எல்.ஆர். கையிலா, கைத்திருகு பூஸ்ட் கன்ட்ரோலர் கையிலா? கன்ட்ரோலர் போட்ட வண்டியில் நாக்கிங் வந்தால் கே.எல்.ஆர். ஸ்பார்க்கைப் பின்தள்ளலாமே தவிர, பூஸ்டைக் குறைக்க முடியாது. தொழிற்சாலை கொடுத்த இரண்டு பாதுகாப்பில் ஒன்று போய்விடும். விளம்பரங்களில் இந்த விஷயம் வருவதே இல்லை.

அளக்கும் கருவி. இந்த வண்டிக்கு இன்றைய ஓ.பி.டி. வசதி கிடையாது. லாப்டாப்பைச் செருகிக் கலவையைப் பார்க்க வழியில்லை. புகையிலிருந்து காற்று-பெட்ரோல் கலவையை அளக்கும் வைட்பேண்ட் லாம்டா மீட்டர் இல்லாமல் பூஸ்டை ஏற்றுவது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை. முழு மிதியில் லாம்டா 0.78 முதல் 0.82 வரை இருக்க வேண்டும். அதாவது ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 11.5 முதல் 12 பங்கு காற்று; எண் ஏறினால் கலவை மெலிகிறது.

மற்ற பாகங்களின் நிலை. ஏறக்குறைய நாற்பது வயது ரப்பர் குழாய்கள், தளர்ந்த வேஸ்ட்கேட் ஸ்பிரிங், வயதான இன்ஜெக்டர்கள், எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத ஹெட் கேஸ்கெட்.

திரும்பும் வழியும் சட்டமும். கலிஃபோர்னியாவில் 1976 மாடல் முதலான பெட்ரோல் கார்களுக்கு ஸ்மாக் (புகை) சோதனை உண்டு. அரசு விலக்கு எண் இல்லாத மாற்றம் பிடிபட்டால் தோல்வி. பிரிட்டனில் 1986 ஆகஸ்ட் முதல் 1992 ஜூலை வரை பதிவான பெட்ரோல் கார்களுக்கு எம்.ஓ.டி. என்ற ஆண்டுச் சோதனையின் வரம்பு கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1200 பி.பி.எம். அதற்கு முந்தைய வண்டிகளுக்கு 4.5 சதவீதம். நாற்பது வயதான, பெரிதாக மாற்றாத கார்களுக்கு எம்.ஓ.டி. தேவையில்லை என்பதால் முதல் வருடத்து டர்போக்கள் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டிருக்கின்றன. ஜெர்மனியில் பதிவில் ஏறாத மாற்றம் வாகன அனுமதியையே கேள்விக்குள்ளாக்கும். எந்த நாட்டிலும் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் விடுவது நல்லதல்ல.

## பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

எந்த வழியைத் தேர்ந்தாலும் இவை ஒன்றுதான். சிப் சரியில்லை என்று திருப்பி அனுப்பப்படும் சிப்களில் நிறைய, வண்டியின் பழைய கோளாறுக்காகப் பழி சுமக்கின்றன.

காற்றுக் கசிவைப் பார்க்க, ஏர் ஃப்ளோ மீட்டர் பக்கத்துக் குழாயை அடைத்து, கம்ப்ரசரில் 0.7 முதல் 1 பார் வரை காற்று ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். டர்போவுக்குப் போகும் வளைந்த ரப்பர் குழாயின் அடிப்பக்கம், இன்டர்கூலர் இணைப்புகள், இன்டேக் மானிஃபோல்டின் அடியில் ஓடும் வேக்குவம் குழாய்கள் ஆகிய மூன்றும் முதலில் போகும் இடங்கள். மானிஃபோல்டைக் கழற்றினால் எல்லாக் குழாய்களையும் ஒரேயடியாகச் சிலிகானுக்கு மாற்றிவிடுவது நல்லது.

ஆக்சிலரேட்டரை விட்டதும் பூஸ்டை மீண்டும் உள்ளே திருப்பிவிடும் பைபாஸ் வால்வு தொழிற்சாலையில் பிளாஸ்டிக். 0.75 பாரில் தாங்கியது 1 பாரில் கசியும். அதே அளவு உலோக வால்வாக மாற்றலாம், ஆனால் காற்றை வெளியே விடும் வகை வேண்டாம். அந்தக் காற்றை மீட்டர் ஏற்கெனவே எண்ணிவிட்டது. வெளியே விட்டால் அதற்கான பெட்ரோல் மட்டும் எஞ்சினுக்குள் போய்க் கலவை கொழுத்துவிடும்.

வேஸ்ட்கேட் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் பூஸ்ட் 3000 சுற்றில் சரியாக ஏறி 5000-க்குமேல் விழும். சிப் மாற்றினாலும் அப்படியேதான் விழும். டேஷ்போர்டில் உள்ள பூஸ்ட் மீட்டர் வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தே காட்டும்: அதில் 1.75 என்றால் உண்மையான பூஸ்ட் 0.75. இந்தக் கணக்கில் குழம்பி, வண்டி 1.75 பார் ஓடுகிறது என்று பெருமைப்படுபவர்களும் உண்டு.

எரிபொருள் அழுத்தம், வேக்குவம் குழாயைக் கழற்றிய நிலையில், தொழிற்சாலை ரெகுலேட்டரில் 2.5 பார். 3 பார் காட்டினால் முந்தைய உரிமையாளர் ரெகுலேட்டரை மாற்றியிருக்கிறார். அப்படியே ஏர் ஃப்ளோ மீட்டரின் கறுப்பு மூடியையும் பாருங்கள். சிலிகான் பூசி ஒட்டிய அடையாளம் இருந்தால் யாரோ திறந்து ஸ்பிரிங்கைத் திருகியிருக்கலாம். அந்த வண்டியில் எந்தச் சிப்பின் கணக்கும் ஒத்துவராது.

சிலிண்டர்களின் கம்ப்ரஷன், லீக்டவுன் (கசிவு) சோதனைகள் சுத்தமாக வந்து, கூலன்டில் குமிழும் இல்லையென்றால் மட்டும் மேலே படியுங்கள்.

## வழி 1: தொழிற்சாலைச் சிப்பையே வைத்துக்கொள்வது

இதை ஒரு தேர்வாகவே யாரும் எண்ணுவதில்லை. கசிவு அடைத்து, வேஸ்ட்கேட் சீர்செய்து, இன்ஜெக்டர் சுத்தம் பண்ணி, பிளக் இடைவெளி 0.7 மில்லிமீட்டரில் வைத்த வண்டி, பல வருடமாக 0.5 பாரில் சோம்பி ஓடிய தன் பழைய நிலையைவிட எவ்வளவோ மாறியிருக்கும். சிப் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஆனந்தத்தில் பாதி உண்மையில் இந்தச் சீர்செய்தல் கொடுத்தது.

மறைமுகச் செலவு எதுவும் இல்லை. அசல் நிலையில் உள்ள டர்போ எஸ்ஸை விற்கும்போது அசல் சிப்பும் அசல் பாகங்களும் மதிப்பாக எண்ணப்படும். ஸ்மாக் சோதனை ஊர்களில் இருப்பவர்கள், சாதா 95 ரான் போடுபவர்கள், ஹெட் கேஸ்கெட்டின் வயது தெரியாதவர்கள் இங்கேயே நிற்கலாம்.

## வழி 2: தபாலில் வரும் சிப் ஜோடி

டி.எம்.இ.-க்கு ஒன்று, கே.எல்.ஆர்.-க்கு ஒன்று. கே.எல்.ஆர். சிப் சைக்கிளிங் வால்வை ஓட்டும் விதத்தை மாற்றி பூஸ்டை 0.9 முதல் 1 பார் வரை ஏற்றும், டி.எம்.இ. சிப் அதற்கேற்ற பெட்ரோலையும் டைமிங்கையும் கொடுக்கும். சில ஜோடிகளுடன், பூஸ்ட் குழாயில் துளை அளவு மாறிய பான்ஜோ போல்ட் ஒன்றும் வரும். அதைப் போடாமல் விட்டால் எதிர்பார்த்த பூஸ்ட் வராது. கேட்காத ஜோடியுடன் போட்டால் பூஸ்ட் கட்டுக்கு மீறும்.

டி.எம்.இ. சிப்பை மட்டும் வாங்குவதில் பெரிய பலனில்லை. டர்போ எஞ்சினில் சக்தி வருவது பூஸ்டால், அதே 0.75 பாரில் டைமிங்கை மட்டும் நகர்த்தினால் கிடைப்பது சில குதிரைகள், போவது நாக்கிங்கிலிருந்து காத்த இடைவெளி. ஜோடியாகப் போட்டு பூஸ்ட் 1 பாருக்கு வந்தால், ஆரோக்கியமான கே26/6 வண்டியில் 250 குதிரைத்திறன் அருகே எதிர்பார்ப்பது நியாயம். அதே 250-ஐக் கொடுக்கப் போர்ஷே சிப்போடு நிற்கவில்லை. பெரிய டர்போ போட்டது, கியர்பாக்ஸைப் பலப்படுத்தி அதற்குத் தனிக் கூலரும் வைத்தது. ஆகவே, வெறும் சிப்பால் 300 என்று எழுதியிருந்தால் அந்தக் கடையை விட்டு நகர்ந்துவிடலாம். உயர்த்திய சுழற்சி வரம்பும் வெறும் விளம்பரம்தான். 6000-க்குமேல் அந்தச் சின்ன டர்போவுக்கு மூச்சு வாங்கும். கொடுப்பது சூடான காற்றே தவிர சக்தி அல்ல.

வாங்குமுன் விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: எந்த டர்போவுக்கு எழுதியது, எத்தனை பார் எரிபொருள் அழுத்தத்துக்கு, எத்தனை ரானுக்கு, அதிகபட்ச பூஸ்ட் எவ்வளவு, கே.எல்.ஆர். சிப்பில் நாக் கேட்கும் உணர்திறனைத் தொட்டிருக்கிறீர்களா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் வாங்காதீர்கள். நாக்கிங்கைக் காட்டிக்கொடுக்காத சிப் ஓட்டும்போது இனிமையாகத்தான் இருக்கும், பிஸ்டன் ஓரம் உடையும்வரை.

எரிபொருள் அழுத்தத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். 2.5-இலிருந்து 3 பாருக்குப் போனால் இன்ஜெக்டர் கொடுக்கும் அளவு 1.2-இன் வர்க்கமூலப்படி உயரும், அதாவது சுமார் 9.5 சதவீதம். 3 பாருக்கு எழுதிய சிப்பை 2.5 பாரில் ஓட்டினால் அதே விகிதத்தில் பெட்ரோல் குறையும். லாம்டா 0.80 என்று எழுதியவர் எண்ணிய இடத்தில் 0.88 நிற்கும். 1 பார் பூஸ்டில் அது பிஸ்டனுக்கு நல்லதல்ல. எதிர்த்திசையில் போனால் வண்டி கறுப்புப் புகை விடும், சாதாரண ஓட்டத்திலும் பெட்ரோல் குடிக்கும், எம்.ஓ.டி.-யில் மாட்டும்.

மறைந்திருக்கும் செலவுகள்: உலோக பைபாஸ் வால்வு, 3 பார் ரெகுலேட்டர் கேட்கும் ஜோடியானால் அதுவும், வைட்பேண்ட் மீட்டரும் அதற்கு எக்ஸாஸ்டில் வெல்டிங்கும், பிறகு கிளட்ச். கிளட்ச் வயதானதென்றால் கூடுதல் டார்க்கில் நாலாவது கியரில் வழுக்கத் தொடங்கும். இந்த வண்டியில் கிளட்ச் மாற்ற, எஞ்சினையும் பின்பக்க கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் ட்யூபைப் பின்தள்ள வேண்டும் என்பதால் கூலிதான் பெரிது.

## வழி 3: மாஸ் ஃப்ளோ சென்சரும் அதற்கான சிப்பும்

கதவு முட்டும் பிரச்சினைக்கு நேரடித் தீர்வு. கதவு மீட்டர் போய்விடும், அந்த இடத்தில் சூடான கம்பியால் காற்றின் நிறையை அளக்கும் சென்சர். 1 பாருக்குமேலும் டி.எம்.இ.-க்குக் காற்று தெரியும்; உள்ளே போகும் தடையும் குறையும். சென்சரின் மின்னழுத்தத்தைப் பழைய மீட்டரின் மொழிக்கு மாற்றித்தரும் சிறு பெட்டி ஒன்றோ, அதற்கென்றே எழுதிய டி.எம்.இ. சிப்போ கூடவே வரும். பெட்டியில் திருகுகள் இருந்தால் கலவையைச் சுழற்சி வாரியாகக் கொஞ்சம் ஏற்றி இறக்கலாம்.

அந்தத் திருகில் ஒரு பொறி உண்டு. மாற்றுப் பெட்டி பெட்ரோலைக் குறைக்கக் காற்றே குறைவு என்று டி.எம்.இ.-யிடம் பொய் சொல்கிறது. சுமை குறைவு என்று நம்பும் டி.எம்.இ. ஸ்பார்க்கை முன்னே தள்ளும். கலவையும் மெலிந்து டைமிங்கும் முன்னேறினால் நாக்கிங்குக்கு இரட்டை அழைப்பு. பெரிய இன்ஜெக்டர் போட்டுவிட்டு அதைத் திருகாலேயே சரிக்கட்டும் வண்டிகளில் இது வழக்கமான கோளாறு. பெரிய இன்ஜெக்டர் என்றால் அதற்கு எழுதிய சிப்தான் வேண்டும். திருகு, கடைசி ஐந்து சதவீதத்துக்கு மட்டும்.

இன்ஜெக்டர் போதுமா என்று பார்க்க ஒரு கணக்கு. இந்த டி.எம்.இ. நாலு இன்ஜெக்டரையும் ஒன்றாக, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை திறக்கிறது. 6000 சுற்றில் ஒரு சுற்றுக்கு 10 மில்லி விநாடி. இன்ஜெக்டர் 8.5 மில்லி விநாடிக்குமேல் திறந்திருந்தால் 85 சதவீதம் தாண்டிவிட்டது. அதற்குமேல் கொடுக்க அதனிடம் ஒன்றுமில்லை. டியூட்டி (திறந்திருக்கும் நேர விகிதம்) அளக்கும் ஆட்டோமோட்டிவ் மல்டிமீட்டரோ சிறு ஆஸிலோஸ்கோப்போ இதைக் காட்டும்.

பெரிய டர்போ, இரட்டை வாய் வேஸ்ட்கேட், 1.1 பாருக்குமேல் என்று போகிறவர்களுக்கு இந்த வழி. தொழிற்சாலை டர்போவும் 0.9 பாரும் போதும் என்பவருக்கு இது வீண்செலவு.

## வழி 4: உங்கள் வண்டிக்கென்றே எழுதும் சிப்

சக்கரங்களின் சக்தியை அளக்கும் டைனோவில் வண்டியைக் கட்டி, வைட்பேண்டையும் நாக் சத்தத்தையும் பார்த்துக்கொண்டே, டி.எம்.இ. அட்டவணைகளை ஒவ்வொரு கட்டமாகத் திருத்தி எழுதுவது. சிப்பின் இடத்தில் இருந்து அதைப் போலவே வேலை செய்யும் எமுலேட்டர் இருந்தால் எஞ்சின் ஓடும்போதே மாற்றலாம். இல்லையென்றால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் புதுச் சிப் எரிக்க வேண்டும். பழைய ஈப்ரோம் வகைச் சிப்பைப் புற ஊதா விளக்கில் அழிக்கவே கால் மணி நேரத்துக்குமேல் ஆகும். டியூனர்ப்ரோ என்ற இலவச மென்பொருளில் இந்த டி.எம்.இ.-க்கான வரையறைக் கோப்பு இருந்தால் அட்டவணைகளைப் பார்த்தே திருத்தலாம்.

மற்ற வழிகள் எல்லாம் அடுத்தவர் எஞ்சினின் கணக்கு என்றால், இது ஒன்றுதான் பழைய பெட்டியை வைத்துக்கொண்டே உங்கள் எஞ்சினுக்குப் போடும் கணக்கு. தோற்றத்தில் வண்டி அசலாகவே இருக்கும்.

தடை, ஆள் கிடைப்பது. டைனோ வைத்திருப்பவர் எல்லோருக்கும் 1980-களின் மோட்ரோனிக் (இந்த டி.எம்.இ. சேர்ந்த பாஷ் குடும்பம்) தெரியாது. பெட்டியும் இரண்டு வகை: முந்தைய வருடங்களில் 24 கால் சிப், பிந்தையவற்றில் 28 கால். 24 கால் பெட்டியில் இடம் குறைவு, அடாப்டர் தேவைப்படலாம். உங்களுடையது எது என்று வருடத்தை வைத்து ஊகிக்காமல் பெட்டியைத் திறந்து எண்ணுங்கள். நாற்பது வருடத்தில் பெட்டிகள் வண்டி மாறியிருக்கின்றன. கதவு மீட்டரை வைத்துக்கொண்டே செய்தால் முட்டும் பகுதியின் ஊகம் இன்னும் ஊகம்தான். உங்கள் வண்டியை வைத்துச் செய்த ஊகம் என்பதால் நம்பலாம், பூஸ்டை மாற்றாதவரை.

## வழி 5: தனி ஈசியு

டி.எம்.இ., கே.எல்.ஆர். இரண்டையும் விலக்கிவிட்டு மெகாஸ்குவர்ட், லிங்க், மேக்ஸ்ஈசியு போன்ற ஒன்று. மானிஃபோல்ட் அழுத்தத்தையும் இன்டர்கூலருக்குப் பின்னான காற்றின் வெப்பத்தையும் நேரடியாகப் பார்த்துக் கணக்குப் போடும். பழைய மீட்டர் தனக்குள் நுழையும் காற்றின் வெப்பத்தை மட்டுமே அறியும்; டர்போ அதை எவ்வளவு சூடாக்கியது என்று அதற்குத் தெரியாது. பூஸ்ட் மீறினால் பெட்ரோலை நிறுத்துவது, லாம்டா மெலிந்தால் எஞ்சினைக் காப்பது, எல்லாவற்றையும் பதிந்து வைப்பது என இதன் பலன்கள் உண்மையானவை. இ85 எத்தனாலில் ஓட்ட நினைப்பவருக்கு வேறு நல்ல வழியும் இல்லை.

ஆனால் பெட்டியின் விலையைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வயரிங்கும் டைனோ நேரமும் அதற்குச் சமமாகவோ மேலாகவோ வரும். இந்த எஞ்சின் தன் நிலையை அறிவது ஃபிளைவீலின் 132 பற்களை எண்ணும் ஒரு சென்சராலும், சுற்றுக்கு ஒருமுறை துடிக்கும் இன்னொரு சென்சராலும். புது ஈசியு இந்த முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் முன்பக்கப் புல்லியில் 60-2 (60 பற்களில் இரண்டு விடுபட்ட) பல் சக்கரமும் புதுச் சென்சரும் பொருத்த வேண்டும். டேஷ்போர்டு பூஸ்ட் மீட்டருக்குச் சமிக்ஞை கே.எல்.ஆர்.-இலிருந்தும் டாக்கோமீட்டருக்கு டி.எம்.இ.-யிலிருந்தும் வருகிறது. அவற்றைக் கழற்றினால் இரண்டு முள்ளும் படுத்துவிடும். எரிபொருள் பம்ப் ரிலேயையும் புது ஈசியு இயக்க வேண்டும். டைனோவில் முழு மிதி ஒரே நாளில் முடியும். குளிர்காலக் காலையில் ஒரே சாவியில் பற்றவைக்க ஒரு குளிர்காலமே வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | நியாயமான பூஸ்ட் | கட்டாயத் துணை | முதலில் கெடுவது | திரும்புதல் |
|---|---|---|---|---|
| 1. அசல் சிப் | 0.75 (எஸ்: சுமார் 0.8) பார் | கசிவுச் சோதனை | ஒன்றுமில்லை | தேவையில்லை |
| 2. சிப் ஜோடி | 0.9 – 1.0 பார் | வைட்பேண்ட், உலோக பைபாஸ், சரியான எரிபொருள் அழுத்தம் | கிளட்ச், பழைய கேஸ்கெட் | ஒரு மணி நேரம் |
| 3. மாஸ் ஃப்ளோ | 1.1 பாருக்குமேல், பெரிய டர்போவுடன் | பெரிய இன்ஜெக்டர், அதற்கான சிப் | திருகு விளையாட்டால் டைமிங் | ஒரு நாள் |
| 4. தனக்கென எழுதிய சிப் | வன்பொருள் தாங்கும் அளவு | டைனோ, தெரிந்த ஆள் | பூஸ்டைப் பிறகு மாற்றினால் கணக்கு | ஒரு மணி நேரம் |
| 5. தனி ஈசியு | வன்பொருள் தாங்கும் அளவு | வயரிங், டைனோ, பொறுமை | குளிர் ஸ்டார்ட், மீட்டர் முட்கள் | அசல் வயரிங்கை வெட்டாவிட்டால் முடியும் |

தொழிற்சாலை டர்போ, நல்ல பெட்ரோல், வார இறுதி ஓட்டம் என்றால் இரண்டாவது வழி, 0.9 பாரில் நிறுத்தி. கடைசி 0.1 பார் கொடுப்பதைவிடக் கேட்பது அதிகம். அருகில் நல்ல ட்யூனர் இருந்தால் இரண்டைத் தாண்டி நேரே நாலுக்குப் போகலாம். இறுதியில் செலவும் குறையும். டர்போவை மாற்றப் போகிறவர் இப்போது சிப் ஜோடி வாங்க வேண்டாம், ஆறு மாதத்தில் அது மேசை டிராயருக்குப் போய்விடும். டிராக் நாட்களுக்கென்றே வைத்திருக்கும் வண்டிக்கு ஐந்தாவது. மூன்றாவது வழி முன்பு தவிர்க்க முடியாததாக இருந்தது. இன்று தனி ஈசியுக்கள் மலிந்துவிட்டதால், ஏற்கெனவே அந்தக் கிட் போட்டிருக்கும் வண்டியை வாங்கியவருக்குத்தான் அது பெரும்பாலும் பொருந்தும்.

## சிப்பை மாற்றும்போது

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். இடப்பக்க ஸ்டியரிங் வண்டிகளில் இரண்டு பெட்டியும் பயணி கால் வைக்கும் இடத்தில், கம்பளத்துக்கும் பலகைக்கும் அடியில். மழைநீர் ஒழுகும் வண்டியென்றால் பச்சைத் துரு பிடித்த முனைகளை அங்கேயே காணலாம். அதைச் சுத்தம் செய்யாமல் சிப்பைத் தொடாதீர்கள்.

பெட்டியைத் திறந்ததும் சிப்பின் தலையில் உள்ள அரைவட்டப் பள்ளம் எந்தப் பக்கம் என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிப் போட்டு மின்சாரம் கொடுத்தால் சிப் அந்த நொடியே போய்விடும். சிறு தட்டை ஸ்குரூடிரைவரால் இரு முனையிலும் மாறி மாறி, மயிரிழை மயிரிழையாக நெம்ப வேண்டும். சாக்கெட் இல்லாமல் ஈயப்பற்று வைத்த சிப்பென்றால் அது மின்னணுப் பழுது பார்ப்பவரின் வேலை.

புதுச் சிப்பின் கால்கள் வெளிப்பக்கம் விரிந்திருக்கும். மேசையில் பக்கவாட்டாக அழுத்தி நேராக்கிவிட்டுச் செருகுங்கள். ஒரு கால் மடிந்து சிப்பின் அடியில் போய்விடுவதுதான் மிகச் சாதாரணத் தவறு. மேலிருந்து பார்த்தால் தெரியாது. வண்டி ஸ்டார்ட் ஆகாது, அல்லது ஸ்டார்ட் ஆகி நொண்டும். சிப்பில் கண்ணாடிச் சன்னல் இருந்தால் அதன்மேல் ஒளி புகாத ஸ்டிக்கர் இருக்க வேண்டும்.

ஸ்டார்ட் ஆகவில்லையா? சாவியைத் திருப்பும்போது டாக்கோமீட்டர் முள் லேசாகத் துள்ளுகிறதா பாருங்கள். துள்ளவில்லை என்றால் பெரும்பாலும் ஃபிளைவீல் பக்கத்துச் சென்சர்கள், இல்லாவிட்டால் மின்சாரம் போகாத டி.எம்.இ. ரிலே. துள்ளியும் பற்றவில்லை என்றால் சிப்பின் கால்களைப் பாருங்கள்.

எஞ்சின் முழுச் சூடானபின், போக்குவரத்து இல்லாத இடத்தில், மூன்றாம் கியரில் 2500-இலிருந்து 5500 வரை ஒரே மிதி. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து லாம்டாவைப் பார்க்கட்டும். 0.85-ஐத் தாண்டினால் உடனே காலை எடுங்கள். பூஸ்ட் நன்றாக ஏறிப் பாதியில் திடீரென்று சரிந்தால் கே.எல்.ஆர். நாக்கிங்கைக் கேட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காதுக்கு அது கேட்காது. பெட்ரோலை மாற்றிப் பார்த்து, அப்போதும் சரிந்தால் பூஸ்டைக் குறையுங்கள்.

## முந்தைய உரிமையாளர் போட்ட பெயர் தெரியாத சிப்

வாங்கிய வண்டியைத் திறந்தால் உள்ளே கையெழுத்து மங்கிய ஸ்டிக்கருடன் ஒரு சிப். இது அடிக்கடி நடக்கிறது. அதை நம்பி ஓட்டவும் வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். ஈப்ரோம் புரோகிராமர் வைத்திருக்கும் யாரிடமாவது கொடுத்து உள்ளிருப்பதைக் கோப்பாகப் படித்து வாங்கிக்கொண்டால், அறிந்த சிப்களின் கோப்புகளோடு ஒப்பிட்டு எந்த டர்போவுக்கு, எந்த அழுத்தத்துக்கு எழுதியது என்று கண்டுபிடிக்க முடியும். அதுவரை அசல் கோப்பில் எரித்த சிப்பையும் 2.5 பார் ரெகுலேட்டரையும் போட்டு ஓட்டுங்கள். உங்களிடம் அசல் சிப்பே இருந்தாலும் அதையும் படித்து வையுங்கள்: பழைய ஈப்ரோம்களில் மின்னூட்டம் வருடக்கணக்கில் மெல்லக் கசியும், ஒரு பிட் மாறினால் எஞ்சின் விநோதமாக நடந்துகொள்ளும், காரணம் தேடி ஆறு பாகங்களை மாற்றிய பிறகும் அது அகப்படாது.